மாசிபத்திரி: இலை வைத்தியம், பூ வம்பு

போன இதழில், தலைவலி வந்தால் மாசிபத்திரி இலையைக் கசக்கி முகரும் நீலகிரிப் பழக்கத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், அவ்வளவுதான். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாதி அந்தச் செடியைப் பற்றியே. சிலர் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், சிலர் வேரோடு பிடுங்கி எறியச் சொல்கிறார்கள். வழக்கமான தோட்டக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், உருளைக்கிழங்குக் கருகல் நோய் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் திருப்பூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் கோத்தகிரிக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஆவணி, புரட்டாசி வாக்கில் தும்மல் ஆரம்பித்தால் கார்த்திகை வரை விடுவதில்லை. கண் அரிப்பு, மூக்கில் தண்ணீராக ஒழுகல்; காய்ச்சல் மட்டும் இல்லை. இப்போது பையனுக்கும் வந்துவிட்டது. வேலியோரம் நிற்கிற மாசிபத்திரிதான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டு டீச்சர். என் மாமியாரோ தலைவலி என்றால் அதே செடியின் இலையைத் தலையணைக்குள் வைத்துப் படுப்பவர். "மருந்துச் செடி எப்படிம்மா நோய் கொடுக்கும், உனக்குச் சளி உடம்பு" என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, கோத்தகிரி)

பதில்: டீச்சர் சொல்வதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. மாமியார் சொல்வதிலும் பாதி சரிதான், ஏனென்றால் அவர் இலையைப் பற்றிப் பேசுகிறார், டீச்சர் பூவைப் பற்றிப் பேசுகிறார். ஒரே செடியைப் பற்றி இரண்டு பேர் சண்டை போடுவதுபோலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு வேறு சமாச்சாரம் இது.

முதலில் இலை. கசக்கினால் ஒரு காட்டமான மணம் வருகிறதே, அது இலையில் இருக்கும் எண்ணெய். கற்பூரம், துஜோன் மாதிரி ஆவியாகிப் பறக்கும் பொருட்கள் அதில் இருக்கின்றன. தலைவலி, மூக்கடைப்பு நேரத்தில் அதை முகர்ந்தால் இதமாக இருப்பது அதனால்தான். பூச்சிக்கும் அந்த மணம் பிடிக்காது. நீலகிரியில் வீட்டுக்கு வீடு இது கைவைத்தியமாக இருக்கிறது, சித்த மருத்துவத்திலும் இதற்கு இடம் உண்டு, விளையாட்டான செடி இல்லை.

இப்போது பூ. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். மாசிபத்திரி பூத்திருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. ஆள் உயரம் வளர்ந்த தண்டின் உச்சியில் மங்கலான பச்சையும் பழுப்புமாக, தானியக் கதிர் மாதிரி, மிளகைவிடச் சின்னச் சின்ன மொட்டுகள் கொத்தாகத் தொங்கும். இதழும் கிடையாது, வாசனையும் கிடையாது, தேனீயும் பெரிதாக அண்டாது. ஏன் தெரியுமா, இந்தச் செடிக்குத் தேனீ தேவையே இல்லை, மகரந்தத்தைக் காற்றில் விட்டுவிடும், காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். காற்றை நம்பிய செடி குறி பார்த்து அனுப்ப முடியாது, அதனால் லட்சக்கணக்கில் கொட்டித் தீர்க்கும். ஒரு மகரந்தத் துகள் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும், ஜன்னல் இடுக்கு போதும் உள்ளே வர.

அந்தத் துகளின் மேல் இருக்கும் சில புரதங்களைத்தான் சிலருடைய உடம்பு எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. ஆர்ட் வி 1 என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கும் புரதம் அதில் முக்கியமானது, ஐரோப்பாவிலும் சீனாவிலும் இதே குடும்பத்து மாசிபத்திரிகளால் இலையுதிர்காலத்துத் தும்மல் வருபவர்கள் ஏராளம். உடம்பு அதை எதிர்த்து ஐஜிஇ என்கிற எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். இந்தத் தயாரிப்புக்கு ஒன்றிரண்டு சீசன் ஆகலாம். நீங்கள் வந்த முதல் சில வருடம் ஒன்றும் இல்லாமல் இருந்ததற்கும் அப்புறம் திடீரென்று ஆரம்பித்ததற்கும் இதுதான் விளக்கம். அடுத்த முறை மகரந்தம் மூக்கில் பட்டதும் ஹிஸ்டமின் என்கிற அரிப்பைத் தூண்டும் பொருள் உடம்பில் வெளியாகும், அரிப்பும் ஒழுகலும் தும்மலும் வரிசையாக வரும். பிறந்ததிலிருந்து அந்தச் செடியின் நடுவிலேயே வாழும் உங்கள் மாமியாருக்கு ஒன்றும் ஆகாமல் போனதில் ஆச்சரியம் இல்லை, அலர்ஜிக்கு ஆளாகும் உடல்வாகு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, அது பெரும்பாலும் ரத்த வழியில் வருவது. பையனுக்கு வந்ததும் அந்த வழியில்தான் இருக்க வேண்டும்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். மாமியார் இலை பறிக்கட்டும், ஆனால் மொட்டு வைப்பதற்கு முன்னால் பறிக்கட்டும். ஆடிக்குள் தேவையான இலையைப் பறித்து நிழலில் உலர்த்திவிட்டால் வருடம் முழுக்கப் போதும். மொட்டு, பூ உள்ள நுனிக்கிளையை ஒடித்து வீட்டுக்குள் கொண்டுவருவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், பூக்கொத்தோடு தலையணைக்குள் வைத்தால் ராத்திரி முழுக்க மகரந்தத்தை முகர்ந்துகொண்டு படுப்பதுதான் நடக்கும். உங்கள் தலையணையிலும் பையன் தலையணையிலும் இலையும் வேண்டாம், அலர்ஜி உள்ள மூக்குக்கு எந்தக் காட்டமான வாசனையும் சீண்டல்தான்.

அப்புறம், பூக்கும் மாதங்களில் மகரந்தம் அதிகமாகப் பறப்பது காலை வேளையில், வெயிலும் லேசான காற்றும் உள்ள நாளில். மழையும் மூடுபனியும் இருந்தால் அடங்கிவிடும். இதில் நம் ஊர் வில்லங்கம் என்னவென்றால், நாலு நாள் மழைக்குப் பிறகு பளிச்சென்று வெயில் அடித்தால்தான் கோத்தகிரியில் எல்லோரும் துணியையும் கம்பளியையும் தூக்கி வெளியே காயப்போடுவார்கள், சரியாக அந்த நேரம்தான் செடியும் கடை விரிக்கும். அந்த மாதங்களில் துணியை மத்தியானத்துக்கு மேல் போடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி போட்ட வராந்தாவில் உலர்த்துங்கள். படுக்கையறை ஜன்னலைக் காலையில் மூடி வையுங்கள். வெளியே போய் வந்தால் முகம் கழுவி உடை மாற்றுங்கள், தலையில் தங்கிய மகரந்தம் ராத்திரி தலையணைக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நம் மலையில் ஈரச்சுவர்ப் பூஞ்சையும் பழைய கம்பளியில் குடியிருக்கும் தூசிப் பூச்சியும் இதே தும்மலைத்தான் கொடுக்கும். வித்தியாசம், அவை வருடம் முழுக்க இருக்கும், வீட்டுக்குள் இருக்கும்போது கூடும். உங்களுக்கு மாதக் கணக்குச் சரியாக வருவதால்தான் மாசிபத்திரி மேல் சந்தேகம் வலுக்கிறது. உறுதி வேண்டுமென்றால் பரிசோதனைதான், அதற்கு அடுத்த கடிதத்தின் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் இதே பிரச்சினை. மெடிக்கலில் செட்டிரிசின் வாங்கிப் போடுகிறேன், நிற்கிறது, மறுபடி வருகிறது. நிரந்தரமாகத் தீர்க்க வழி உண்டா? டாக்ஸி ஓட்டுகிறேன். (வாசகர், ஊட்டி)

பதில்: கடைசி வாக்கியத்தை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். செட்டிரிசின் பலருக்குத் தூக்கம் வரவழைக்கும். கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும், அதில் கண் அசந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் அதிகம் தராத மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் டிரைவர் என்று சொல்லிக் கேளுங்கள். இரவில் மட்டும் போட்டால் போதும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், சிலருக்கு மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கும்.

மூக்கு அலர்ஜிக்கு இன்றைக்கு முதல் வரிசை மருந்து மாத்திரை இல்லை, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதீர்கள், மூக்குக்குள்ளேயே வேலை செய்வது, உடம்புக்குள் போகும் அளவு மிகக் குறைவு. ஒருநாள் அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று மூலையில் போடும் மருந்தும் இல்லை, பலன் தெரியச் சில நாள் ஆகும், அதனால் உங்கள் சீசன் தெரிந்துவிட்டால் பூப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே டாக்டர் ஆரம்பிக்கச் சொல்வார். இதையும் மூக்கடைப்புக்கு விற்கும் சொட்டு மருந்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும், அப்புறம் பாட்டில் இல்லாமல் தூங்க முடியாத நிலை வரும். அப்படி மாட்டிக்கொண்ட டிரைவர்களை ஊட்டி ஸ்டாண்டிலேயே பார்க்கலாம்.

பரிசோதனை என்றால் தோலில் குத்திப் பார்ப்பது. முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து ஊசி நுனியால் லேசாகக் கீறுவார்கள், கால் மணி நேரத்தில் எது கொசுக்கடி மாதிரி தடிக்கிறதோ அது உங்கள் ஆள். அதற்குச் சில நாள் முன்பே, பெரும்பாலும் ஒரு வாரம் முன்பே, செட்டிரிசின் வகை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் எதுவும் தடிக்காது, காசு வீண். போகும்போது ஆர்டிமிசியா மகரந்தம் வரிசையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மாசிபத்திரியின் பேரினப் பெயர் அது, சமவெளிச் சோதனைகளில் பார்த்தீனியமும் புல்லும் தூசிப் பூச்சியும் இருக்கும், இது விட்டுப்போகலாம்.

நிரந்தரம் என்று கேட்டீர்கள். அலர்ஜிப் பொருளையே மிகச் சிறு அளவில் ஆரம்பித்து ஊசியாகவோ நாக்கடியிலோ கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. சுமார் மூன்று வருடம் விடாமல் எடுக்க வேண்டும், இந்தத் துறை தெரிந்த டாக்டர் கண்காணிப்பில். நல்ல பலன் கிடைத்தவர்கள் உண்டு, மாதா மாதம் கோயமுத்தூர் இறங்கி ஏறப் பொறுமை இல்லாமல் பாதியில் விட்டவர்களும் உண்டு. நெஞ்சில் விசில் சத்தம், விடியற்காலை இருமல், மூச்சு வாங்குதல் இருந்தால் மட்டும் எதையும் தள்ளிப்போடாதீர்கள், மூக்கில் இருந்தது நெஞ்சுக்கு இறங்குகிறது என்று அர்த்தம்.

கேள்வி: குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி வேலை. சாலையோரக் களை வெட்டும் பெண்களுக்குக் கை, கழுத்து, கண் இமை எல்லாம் சிவந்து தடித்து அரிக்கிறது. வெட்டிய அன்றைக்கு இல்லை, ஒரு நாள், இரண்டு நாள் கழித்து. மாசிபத்திரியும் இருக்கிறது, வேறு செடிகளும் இருக்கின்றன. வெட்டிய குப்பையைக் கொளுத்தலாமா? (வாசகர், குன்னூர்)

பதில்: இரண்டு நாள் கழித்து என்று எழுதினீர்களே, அதுதான் விஷயத்தைத் திறந்து காட்டுகிறது. தும்மல் அலர்ஜி நிமிடங்களில் வரும். இது தோல் அலர்ஜி, வேறு பாதை, உடம்பு நிதானமாக ஆள் திரட்டிக்கொண்டு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். இதற்குக் காரணம் மகரந்தப் புரதம் இல்லை, சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளின் இலையிலும் தண்டிலும் இருக்கும் லாக்டோன் வகைப் பொருட்கள். மாசிபத்திரி அந்தக் குடும்பம், பார்த்தீனியம் அந்தக் குடும்பம், சாமந்தி அந்தக் குடும்பம், பாலித்தீன் குடிலில் வளர்க்கிறார்களே ஜெர்பரா, அதுவும் அதேதான். ஒன்றுக்கு அலர்ஜி ஆன தோல் மற்றதையும் ஏற்காமல் போகலாம், சாமந்திக் கூடை கட்டுபவர்கள் சிலருக்கு விரல் இடுக்கு வெடிப்பது இதனால்தான்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது களையில் பார்த்தீனியம் இருக்கிறதா என்று. இலை இரண்டும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி கிழிந்த இலையாகத் தெரியும். மாசிபத்திரி இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கும், கசக்கினால் மணக்கும். பார்த்தீனியம் அடிப்பக்கமும் பச்சை, உச்சியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. 1950களில் புனே பக்கம் முதலில் கண்ணில்பட்ட செடி, வெளிநாட்டிலிருந்து வந்த தானியத்தோடு வந்தது என்கிறார்கள், இன்றைக்கு அது இல்லாத ரயில் பாதை நாட்டில் இல்லை. மேட்டுப்பாளையம், மசினகுடிப் பக்கம் நிறைய, மலை ஏற ஏற குறையும், ஆனால் ஜல்லி லாரியோடும் மணலோடும் விதை வந்து புதிய சாலை ஓரமாக முளைக்கும். தோல் விஷயத்தில் மாசிபத்திரியைவிடப் பல மடங்கு பொல்லாதது அது. கண் இமையிலும் கழுத்திலும் வருகிறது என்கிறீர்கள், காய்ந்த பார்த்தீனியத் தூள் காற்றில் பறந்து படிந்தால் சரியாக அந்த இடங்களில்தான் வரும்.

முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கழுத்தைச் சுற்றித் துண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ அங்கேயே தண்ணீர். இதற்கு நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு, அந்தப் பெண்கள் கேட்டால் காதில் விழாது, மேஸ்திரி கேட்டால் விழும். ஏற்கெனவே தடித்தவர்களைத் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள், அங்கே முதுகில் பட்டை ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்க்கும் சோதனை செய்வார்கள். அது முடியும்வரை அவர்களுக்குக் களை வேலை கொடுக்காமல் கொழுந்து பறிக்கவோ வேறு எதற்கோ மாற்றுங்கள். சம்பளத்தில் கைவைக்காமல்.

கொளுத்தலாமா என்றால், கூடவே கூடாது. அந்தப் புகை பட்டாலும் சிலருக்கு முகம் வீங்கும், இளைப்புக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம். கொசுவுக்காக மாசிபத்திரிப் புகை போடும் வீடுகளுக்கும் இதே பதில்தான், மூடிய அறைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு போட வேண்டாம்.

வெட்டும் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். பலரும் புரட்டாசியில் செடி ஆள் உயரம் ஆனபிறகுதான் அரிவாளை எடுக்கிறார்கள், வெட்ட வெட்ட மகரந்தம் மூஞ்சியில் கொட்டும். ஆடிக் கடைசிக்குள், மொட்டு வைக்கும் முன்னால், முழங்கால் உயரத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் அந்த வருடத்துப் பூ பெரிதும் குறையும். தளிர்த்து மறுபடி வந்தால் இன்னொரு முறை. வேர் தரைக்கடியில் கிழங்குபோல ஓடும் செடி என்பதால் மேலே வெட்டினால் சாகாது, அது உங்களுக்கு நல்லதுதான். சாலைச் சரிவில் இருப்பதை வேரோடு தோண்டி எடுக்காதீர்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வேரும்தான், 2009 நவம்பரில் குன்னூரையும் கேத்தியையும் மண் எப்படி விழுங்கியது என்று உங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன்பே, ஈர மண்ணில், கையுறை போட்டு வேரோடு பிடுங்கலாம்.

கேள்வி: கொடைக்கானலில் கல்லூரியில் படிக்கிறேன். பச்சை கேரட் கடித்தால் உதடும் தொண்டையும் அரிக்கிறது. கேரட் பொரியல் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. ஹாஸ்டலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மருந்தடித்த கேரட் என்பதாலா? (மாணவி, கொடைக்கானல்)

பதில்: சிரிப்பவர்களை விடுங்கள். உங்களுக்கு மழைக்காலத்துக்குப் பிறகு தும்மல் வருகிறதா என்று எழுதவில்லை, வருகிறது என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

பூச்சிமருந்து என்றால் பொரியலிலும் அரித்திருக்க வேண்டாமா, ஒரு கொதியில் அது மொத்தமும் போய்விடாது. இது மாசிபத்திரி மகரந்தத்தின் கைவேலை. அந்த மகரந்தத்தில் இருக்கும் சில புரதங்களும் கேரட், சூப்பில் போடும் செலரிக் கீரை, கொத்தமல்லி, சோம்பு, சீரகம் இவற்றில் இருக்கும் சில புரதங்களும் ஜாடையில் அண்ணன் தம்பிபோல இருக்கும். மகரந்தத்துக்கு எதிராகத் தயாரான உடம்பு, கேரட்டைப் பார்த்ததும் அவனேதான் இவன் என்று பாய்கிறது. மேல்நாட்டு மருத்துவப் புத்தகங்களில் செலரி, மாசிபத்திரி, மசாலா மூன்றையும் சேர்த்தே இந்தக் கோளாறுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடுகு, பீச் பழம் வழியாக வருவதும் உண்டு, பீச் நம் இரண்டு மலையிலும் விளைவதால் அதையும் கவனியுங்கள்.

வேகவைத்தால் கேரட்டின் அந்தப் புரதம் குலைந்துவிடும், அதனால்தான் பொரியல் உங்களை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் செலரி அப்படி இல்லை, சூப்பில் வெந்த பிறகும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஹோட்டல்களில் சூப்பிலும் நூடுல்ஸிலும் சத்தமில்லாமல் போடுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மசாலாப் பொருட்களைப் பயந்து இப்போதே நிறுத்த வேண்டியதில்லை, ரசம் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் சீரகம் உங்களுக்கு எதிரி இல்லை.

உதடு, வாய், தொண்டை அரிப்பு கால் மணி, அரை மணியில் தானாக அடங்கினால் பெரிய ஆபத்து இல்லை, பச்சையாகச் சாப்பிடாமல் இருந்தால் போதும். உடம்பெல்லாம் தடிப்பு, குரல் மாறுதல், மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல், இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. சாப்பிட்டுவிட்டு ஓடுவது, மேடு ஏறுவது இதை மோசமாக்கும், கொடைக்கானலில் எங்கே போனாலும் மேடுதான் என்பதால் சொல்கிறேன்.

கேள்வி: மாசிபத்திரியிலிருந்து மலேரியா மருந்து எடுத்ததற்கு நோபல் பரிசு கொடுத்தார்களாமே? அப்படியானால் கசாயம் வைத்துக் குடித்தால் எல்லாக் காய்ச்சலும் போகுமா? (வாசகர், கூடலூர்)

பதில்: பரிசு உண்மை, செடி வேறு. 2015இல் மருத்துவ நோபலில் பாதியைப் பெற்றவர் சீனாவின் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி. அவர் எடுத்தது ஆர்டிமிசியா ஆனுவா என்ற ஒருவருடச் செடியிலிருந்து. நம் மலையில் நிற்பது ஆர்டிமிசியா நீலகிரிகா, கிளார்க் என்ற தாவரவியலாளர் 1876இல் எழுதியபோதே நீலகிரியின் பெயர் அதற்கு ஏறிவிட்டது. இரண்டும் ஒரே பேரினம், அவ்வளவுதான் உறவு. ஆர்டிமிசினின் என்கிற அந்த மருந்துப் பொருளுக்காக உலகம் பயிரிடுவது ஆனுவாவைத்தான்.

தூ யூயூ கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு, சொல்லாமல் விட மனசு வரவில்லை. அவருடைய குழு எத்தனையோ மூலிகைகளைச் சோதித்துக்கொண்டிருந்தது, இந்தச் செடியும் ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது. நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய பழைய வைத்திய நூலைப் புரட்டியபோது, செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறு குடிக்கச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். கொதிக்கவைக்கச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று பொறிதட்டி, குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதர் திரவத்தில் பிரித்தெடுத்தார், வேலை செய்தது. ஆக, கசாயம் என்று கொதிக்கவைக்கிறீர்களே, உண்மையான ஆனுவாவிலேயே அது தப்பான வழி. அந்தச் செடியின் டீயையோ பொடியையோ மலேரியாவுக்குக் குடிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது, மருந்தின் அளவு கோப்பைக்குக் கோப்பை மாறும், பாதி அளவு மருந்தில் பிழைத்த கிருமி அடுத்த முறை மருந்துக்கே அடங்காது.

கூடலூரில் காய்ச்சல் என்றால் மலேரியா மட்டுமா, டெங்கு இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது. ரத்தம் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: மாதவிலக்கு தள்ளிப்போனால் மாசிபத்திரிக் கசாயம் குடிக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. குடிக்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: தள்ளிப்போனதற்குக் காரணம் கர்ப்பமா இல்லையா என்று முதலில் பாருங்கள், சோதனை அட்டை எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். கர்ப்பமாக இருந்தால் இதைத் தொடவே கூடாது. இந்தச் செடி கர்ப்பப்பையைத் தூண்டும் என்றுதான் பழைய வைத்தியத்தில் மாதவிலக்குக்குக் கொடுத்தார்கள், அதே காரணத்துக்காகத்தான் கர்ப்பிணிக்கு ஆகாது. கருவைக் கலைக்க நினைத்துக் குடிப்பவர்களும் உண்டு, கரு போகாமல் ரத்தம் மட்டும் போய் உயிருக்கு ஆபத்தானால் என்ன செய்வது. அதற்குச் சட்டப்படி பாதுகாப்பான வழி அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது, தயங்காமல் போங்கள்.

கர்ப்பம் இல்லை என்றாலும் நீங்களாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். துஜோன் என்று மேலே சொன்னேனே, அது அளவு மீறினால் நரம்பைத் தாக்கும், வலிப்பு வரவழைக்கும். வலிப்பு நோய் உள்ளவர்களும் பால் கொடுக்கும் தாய்மாரும் குழந்தைகளும் விலகியே இருக்க வேண்டும். உள்ளுக்குச் சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போய், மூக்கு அலர்ஜி இருப்பதையும் சொல்லி, அவர் அளந்து கொடுப்பதைச் சாப்பிடுங்கள். முகர்வது வேறு, குடிப்பது வேறு.

கேள்வி: மாசி, பங்குனியில் சீகை மரம் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுகிறது, அப்போது எனக்குத் தும்மல். மரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுக்கலாமா? (வாசகர், ஊட்டி)

பதில்: வாட்டில் என்கிற சீகையை வெட்ட வேறு நல்ல காரணங்கள் உண்டு, புல்வெளியையும் சோலையையும் விழுங்கிய வெளிநாட்டு மரம் அது. ஆனால் உங்கள் மூக்குக்கு அது முதல் குற்றவாளி இல்லை. அதன் மகரந்தம் கனமாக, கட்டி கட்டியாக இருக்கும், அதிக தூரம் பறக்காது. கண்ணைப் பறிக்கும் பூ பழியை வாங்கிக்கொள்ளும், பக்கத்தில் பூத்திருப்பதே தெரியாமல் நிற்கிறதே சைப்ரஸ், அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. காற்றில் மகரந்தம் விடும் மரம் அது, குளிர் முடியும் நேரத்தில் விடும். வீட்டைச் சுற்றி சைப்ரஸ் வேலி இருக்கிறதா பாருங்கள். எதுவானாலும் சோதனைக்குப் பிறகு மனு எழுதலாம்.

கேள்வி: மலைத்தேன் தினமும் சாப்பிட்டால் அந்த ஊர் மகரந்தம் பழகி அலர்ஜி போய்விடும் என்கிறார்களே? (வாசகி, மஞ்சூர்)

பதில்: தேனீ போகும் பூவின் மகரந்தம்தான் தேனில் இருக்கும். உங்களைத் தும்மவைப்பது தேனீ போகாத, காற்றை நம்பிய பூ. தேனில் அது தேடினாலும் பெரிதாகக் கிடைக்காது. குறும்பர்கள் பாறையில் கயிறு கட்டி இறங்கி உயிரைக் கொடுத்து எடுத்து வரும் தேனை ருசிக்காகவே சாப்பிடலாமே, அதற்கு ஒரு நோய் வேண்டுமா? ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

கேள்வி: பிள்ளையார் சதுர்த்திக்கு 21 பத்திரத்தில் முதல் பத்திரமே மாசிபத்திரிதான். அலர்ஜி உள்ள நான் பூஜை செய்யலாமா? (வாசகி, பழனி)

பதில்: தாராளமாக. கேட்பது பத்திரம்தானே, இலை மட்டும் கிள்ளி, கழுவிப் போடுங்கள், மொட்டு வைத்த நுனி வேண்டாம். கொடைக்கானல் பஸ்ஸில் கட்டாக வந்து இறங்கும் மாசிபத்திரியில் நுனியும் சேர்ந்தே இருக்கும், அதை வாசலிலேயே யாரையாவது கிள்ளிப் போடச் சொல்லுங்கள். பூஜை முடிந்த மறுநாள் அள்ளும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிடலாம்.

கேள்வி: போன மாதம் ஊட்டி வந்தபோது இதன் மணத்தில் மயங்கிவிட்டேன். சென்னை மொட்டை மாடியில் வளர்க்க ஒரு வேர்த்துண்டு கொண்டுபோகலாமா? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: சென்னை வெயிலில் அது இருக்கும், சந்தோஷமாக இருக்காது. மணம்தான் வேண்டும் என்றால் மரிக்கொழுந்து வாங்கி வையுங்கள், இதே ஆர்டிமிசியா இனம், சமவெளிச் சூடு தாங்கும், பூக்கடைக்காரரிடம் கேட்டால் நாற்று எங்கே கிடைக்கும் என்று சொல்வார். அதிலும் மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள், பக்கத்து மாடியில் தும்முகிறவர் இருக்கலாம். இல்லை, மாசிபத்திரியேதான் வேண்டும் என்றால் தொட்டியில் மட்டும் வையுங்கள், தரையில் இறக்கினால் வேர் ஓடி அடுத்தவர் காம்பவுண்டில் எட்டிப் பார்க்கும்.